ஐந்து ஸ்க்ரூவும் இரண்டு வேலையும்: வீட்டில் கட்டிய விமானங்களில் டேங்க் கசிவும் எர்த்தும்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்திடம் கிட் வாங்கி, வீட்டுக் கார் ஷெட்டிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் தொடங்கிவைத்த இந்த ஆர்வி வரிசையில் இதுவரை 11,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்திருக்கின்றன. அப்படி ஒரு விமானத்தில், இறக்கை உடலோடு சேரும் இடத்தை மறைத்திருக்கும் மூடியைக் கழற்றினால் சில சமயம் நீலக் கறை தென்படும். சிறு விமானங்கள் எரிக்கும் 100 எல்எல் பெட்ரோலுக்கு அடையாளத்துக்காக நீலச் சாயம் கலக்கிறார்கள். கசிந்த பெட்ரோல் ஆவியாகிவிடும், சாயம் மட்டும் தங்கும். கறை எங்கே தொடங்குகிறது என்று மேல்நோக்கித் தேடிக்கொண்டே போனால், பல நேரம் உள்ளங்கை அகலமுள்ள ஒரு வட்டத் தகட்டில் போய் முடியும். அதைச் சுற்றி ஐந்து ஸ்க்ரூ, நடுவில் ஒரு மின்முனை. டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று கேஜுக்குச் சொல்லும் ஃப்ளோட் யூனிட் அதுதான்.

அந்த ஐந்து ஸ்க்ரூவுக்கு இரண்டு வேலை. பெட்ரோல் வெளியே வராதபடி தகட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். யூனிட்டுக்கு எர்த் போய்ச் சேரும் பாதையாகவும் இருக்க வேண்டும். கசிவை நிறுத்தும் கேஸ்கெட், சீலன்ட், பெயின்ட் எல்லாமே மின்சாரத்தை மறிப்பவை. எர்த்துக்காக உலோகத்தோடு உலோகம் தொட விட்டால் அந்த இடுக்கிலேயே பெட்ரோல் ஊறும். கசிவை அடைத்த மறுநாள் கேஜ் முள் ஆடத் தொடங்குவதும், முள்ளைச் சரிசெய்யத் தகட்டைக் கழற்றி மாட்டியபின் கசிவு தொடங்குவதும் இதனால்தான். இந்த இரண்டையும் ஒரே ஸ்க்ரூவின் தலையில் சுமத்தியதுதான் மூலக் கோளாறு என்பது என் கருத்து. கசிவைத் தடுப்பது சீலன்ட்டின் வேலை, எர்த் கொடுப்பது தனி ஒயரின் வேலை என்று பிரித்துவிட்டால் மீதி எல்லாம் பொறுமையின் விஷயம்.

தொழிற்சாலை விமானத்தில் இந்தத் தகட்டைத் தொடுவதற்கே உரிமம் பெற்ற மெக்கானிக் வேண்டும். அமெரிக்காவில் சொந்த உழைப்பில் கட்டிய விமானம் ‘பரிசோதனை’ வகையில் பதிவாகிறது. அதன் வேலையைக் கட்டியவரே செய்துகொள்ளலாம். உரிய சான்றிதழைப் பெற்றால் ஆண்டுதோறும் நடக்கும் நிலைப் பரிசோதனையிலும் அவரே கையெழுத்துப் போடலாம். பெரிய சுதந்திரம் இது. ஆனால் எந்த கேஸ்கெட், எந்த சீலன்ட், எந்த ஒயர் என்ற முடிவும் அவர் தலையில்தான் விழுகிறது.

முதலில் டேங்க்கின் அமைப்பு. பெரும்பாலான ஆர்வி விமானங்களில் இறக்கையின் முன்விளிம்பே டேங்க். மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்து, உள்ளே குறுக்குச் சட்டங்களை ரிவெட் அடித்து, ஒவ்வொரு மூட்டிலும் பாலிசல்ஃபைடு சீலன்ட் பூசி மூடுகிறார்கள். கட்டுகிறவர்கள் எல்லாரும் அதை ‘ப்ரோசீல்’ என்றே சொல்வார்கள். ஆர்வி-7-ல் ஒரு பக்க டேங்க்கின் கொள்ளளவு 21 கேலன், அதாவது சுமார் 79 லிட்டர். உடல் பக்கத்துக் கடைசிச் சட்டத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளையும் அதற்கு ஒரு மூடியும் இருக்கும். ஃப்ளோட் யூனிட் பெரும்பாலும் அந்த மூடியில்தான் உட்கார்ந்திருக்கும். சில கட்டுமானங்களில் டேங்க்கின் பின்சுவரில் இருக்கும். அங்கே கசிந்தால் இறக்கையிலிருந்து டேங்க்கையே கழற்ற வேண்டிவரும்.

யூனிட்டின் உள்ளமைப்பு எளியது. ஒரு கம்பிக் கையின் நுனியில் மிதவை. கை ஏறி இறங்கும்போது அதன் மறுமுனை ஒரு மின்தடைச் சுருளின்மீது உரசிக்கொண்டு நகரும். சுருளின் ஒரு முனை நடு மின்முனைக்கு வருகிறது. உரசும் கை, கீல் வழியாகத் தகட்டைத் தொட்டு, தகட்டிலிருந்து ஸ்க்ரூ வழியாக டேங்க்குக்கும், அங்கிருந்து இறக்கைக்கும், உடலுக்கும், பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் போகிறது. கார் எலக்ட்ரீஷியன்கள் ‘பாடி எர்த்’ என்று சொல்வது இதைத்தான். அமெரிக்க வழக்கப்படி காலி டேங்க்குக்கு 240 ஓம், நிறைந்த டேங்க்குக்கு ஏறத்தாழ 30 ஓம். ஆர்வி கட்டுகிறவர்கள் அதிகம் மாட்டியிருக்கும் ஸ்டூவர்ட்-வார்னர் யூனிட்டுகள் இந்தக் கணக்கில் வருபவை.

கசிவு நான்கு வழியில் வரும். தகட்டுக்கும் மூடிக்கும் நடுவில் உள்ள இடுக்கு ஒன்று. ஸ்க்ரூவின் மரை இரண்டாவது. மின்முனை தகட்டைத் துளைத்துக்கொண்டு வரும் இடம் மூன்றாவது. நான்காவதை மறந்துவிடுகிறார்கள்: கசிவது யூனிட்டே இல்லாமல், மேலேயுள்ள ஒரு ரிவெட்டிலிருந்தோ மூடியின் விளிம்பிலிருந்தோ வழிந்து யூனிட்டின் தலையில் சேர்வது. ஆகவே எதையும் கழற்றுவதற்குமுன் கறையைத் துடைத்து உலர்த்தி, டால்க் பவுடரை மெல்லத் தூவிவிட்டுப் பார்ப்பது நல்லது. வெள்ளைப் பொடியில் ஈரம் முதலில் எந்தப் புள்ளியில் தெரிகிறதோ அங்கேதான் வாய். டேங்க்கில் பெட்ரோல் தகட்டின் மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் கசிவு நின்றால், சந்தேகம் இன்னும் குறுகும்.

எவ்வளவு கசிந்தால் பறக்கக் கூடாது? அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ மெக்கானிக்குகளுக்காக வெளியிட்டுள்ள கையேடு, துடைத்தபின் 30 நிமிடத்தில் எவ்வளவு பரப்பு நனைகிறது என்று பார்க்கச் சொல்கிறது. முக்கால் அங்குலத்துக்குள் என்றால் வெறும் கறை. ஒன்றரை அங்குலம் வரை ஊறல். நான்கு அங்குலம் வரை கடும் ஊறல். சொட்டினால் ஓடும் கசிவு. இந்தப் படிநிலையைக் காட்டி, “நம்முடையது வெறும் கறைதானே” என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் படிநிலை காற்றோட்டமான வெளிப்பரப்புக்கு. மூடிய இடத்துக்குள் வரும் எந்தக் கசிவையும் பறப்பதற்குமுன் சரிசெய்ய வேண்டும் என்பதும் அதே நடைமுறைதான். இறக்கை மூட்டு மூடிய இடம். ஆவி தேங்கி, உடலுக்குள் நுழைந்து, விமானி அறையில் வாசனை அடிக்கும் இடம். போதாததற்கு, பக்கத்திலேயே ஒரு மின்முனை.

இனி அடைப்பது. கேஸ்கெட்டா, சீலன்ட்டா என்பது கட்டுகிறவர்களிடையே தீராத வழக்கு. கார்க் கேஸ்கெட் மூடிக்கென்று கிட்டிலேயே வந்ததுண்டு. பெட்ரோலில் ஊறியிருக்கும்வரை அது சரியாக இருக்கும். டேங்க் பல நாள் காலியாகக் கிடந்தால் காய்ந்து சுருங்கிவிடும். ரப்பர் கேஸ்கெட் அதைவிடத் தேவலாம். நைட்ரைல் ரப்பர் விமானப் பெட்ரோலுக்குத் தாங்கும், எத்தனால் கலந்த கார் பெட்ரோல் ஊற்றுபவர்கள் ஃப்ளோரோகார்பன் வகை ரப்பருக்குப் போவது நல்லது. ஆனால் எந்த கேஸ்கெட் ஆனாலும், இந்த யூனிட்டின் தகடு மெல்லியது, ஸ்க்ரூ ஐந்துதான், நடு இடைவெளி அதிகம். கசிகிறதே என்று இறுக்க இறுக்க, ஸ்க்ரூவுக்கு அடியில் தகடு குழிந்து, இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவில் மேலே வளையும். இறுக்கத்தால் நின்ற கசிவைவிட இறுக்கத்தால் பிறந்த கசிவு அதிகம். கழற்றிய தகட்டை ஒரு கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் அதைத் தட்டி நேராக்காமல் எந்த கேஸ்கெட்டும் பயன் தராது.

அனுபவமுள்ள பெரும்பாலானோர் கேஸ்கெட்டை எடுத்து வைத்துவிட்டு ப்ரோசீலை மட்டும் பூசி மாட்டுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். அது தகட்டின் மேடுபள்ளத்தை நிரப்பி, பல ஆண்டு பெட்ரோலில் ஊறினாலும் ரப்பராகவே இருக்கும். பின்னால் கழற்றுவது கஷ்டம் என்ற ஒரே குறைக்காக அதை விலக்க வேண்டியதில்லை. நன்றாக ஒட்டிய யூனிட்டை அடிக்கடி கழற்றவேண்டிய தேவையும் வருவதில்லை. வேலை நிற்பதும் விழுவதும் சுத்தத்தில்தான். பழைய சீலன்ட்டை முழுக்கச் சுரண்டி, இரு பரப்பையும் நைலான் உரசுப் பஞ்சால் தேய்த்து மங்கலாக்கி, எம்இகே கரைப்பானில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். துணி அழுக்கில்லாமல் வரும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். கரைப்பான் தானாகக் காயும்முன் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காய விட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே மீண்டும் படிந்துவிடும். அதன்பின் அந்தப் பரப்பில் விரல் படக் கூடாது.

சீலன்ட் இரண்டு பாகமாக வரும். வழக்கமான வகையில் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு, எடைக் கணக்கில். கண்ணளவில் கலப்பவர்கள் கலவை இறுகாமல் பிசுபிசுத்துக் கிடப்பதைப் பார்த்தபிறகு சிறு தராசு வாங்குகிறார்கள். டப்பாவில் பி-2 என்று இருந்தால், பி என்பது களிம்புப் பதம், 2 என்பது கலந்தபின் பூசக் கிடைக்கும் மணிக்கணக்கு. 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு இது. குளிர்கால ஷெட்டில் இறுகுவதற்கு நாட்கள் கூடும். முழுதாக இறுகும்முன் பெட்ரோல் ஊற்றக் கூடாது.

மாற்றுவழியாகச் சொல்லப்படும் சிலவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிடலாம். சிலிக்கான் சீலன்ட்டைப் பெட்ரோல் உப்பவைத்துப் பிய்த்துவிடும், துணுக்குகள் வடிகட்டியில் போய்ச் சேரும். டெஃப்லான் டேப்பின் நார்களும் அப்படியே. டேங்க்குக்குள் ஊற்றிக் குலுக்கிப் பூசும் திரவ சீலன்ட் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது ஆண்டுகள் கழித்துத் தோலாக உரிந்து குழாய் வாயை அடைத்த வரலாறு இருப்பதால் இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. கசியும் இடத்தில் வெளியே ஒரு உருண்டை ப்ரோசீலை அப்புவதும் வேலைக்கு ஆகாது. ஊறிக்கொண்டே இருக்கும் பெட்ரோலின்மீது எதுவும் ஒட்டாது. உள்பக்கம் அடைபட வேண்டும்.

ஸ்க்ரூ மரை வழியாக வரும் கசிவுக்கு நல்ல மருந்து கட்டும்போதே செய்வது: உள்ளே வாய் மூடிய குமிழ் நட்டை ரிவெட் அடித்து, சுற்றிலும் சீலன்ட் பூசிவிட்டால் ஸ்க்ரூ பெட்ரோலையே பார்க்காது. அது இல்லாத பழைய டேங்க்கில், உள்ளே ரப்பர் வளையம் பதித்த வாஷரை ஸ்க்ரூத் தலைக்கு அடியில் போடலாம், அல்லது மரையில் சீலன்ட் தடவி முறுக்கலாம். நடு மின்முனை கசிந்தால் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. யூனிட்டையே மாற்ற வேண்டும். அந்தக் கசிவு பெரும்பாலும் நாமே வரவழைப்பது. ஒயரின் வளையத்தை மாட்டி மேல் நட்டை முறுக்கும்போது அடி நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடிக்காவிட்டால் மின்முனை முழுவதுமே திரும்பும். உள்ளே அதைச் சுற்றியுள்ள மின்காப்பு வாஷர் கிழியும்.

அடைத்தபின் சோதனை. காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் ஒரு பலூனைக் கட்டி, மெதுவாகக் காற்று ஏற்றி, யூனிட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது வழக்கம், சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பதைப் போல. பலூன் மறுநாள் சுருங்கிக் கிடந்தால் உடனே மனம் உடையத் தேவையில்லை. இரவுக் குளிருக்கும் வானிலை அழுத்த மாற்றத்துக்கும் அது சுருங்கி விரியும். குமிழிதான் சாட்சி. பலூன் இருப்பது பாதுகாப்புக்காகவும்தான். கம்ப்ரஸர் குழாயை நேரே டேங்க்கில் செருகினால் விபரீதம். 1 பிஎஸ்ஐ அழுத்தம், அதாவது சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு, காதுக்குச் சிறிய எண். ஒரு சதுர அடித் தகட்டின்மீது அது 144 பவுண்டு, சுமார் 65 கிலோ. மெல்லிய தகடு உப்பி, ரிவெட் வரிசை முழுக்க சீலன்ட் விட்டுவிடும்.

எர்த்துக்கு வருவோம். வேதிப்பூச்சான அலோடின் மின்சாரத்தை விடும். அனோடைஸ் செய்த பரப்பு விடாது. ப்ரைமர் விடாது, பெயின்ட் விடாது, ப்ரோசீலும் விடாது. முழுக்க சீலன்ட்டில் மிதக்கும் யூனிட்டுக்கு எர்த் கிடைப்பது ஸ்க்ரூ மரையில் எங்கோ இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருக்கும் தற்செயலால்தான். புதிதாக மாட்டியபோது அது வேலை செய்யும். ஈரமும் அதிர்வும் சேர்ந்து, இரும்பு ஸ்க்ரூவுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் வெள்ளைப் பூப்பு பூத்தபின், அந்தத் தொடர்பில் ஓம் கணக்கில் மின்தடை ஏறத் தொடங்கும்.

அது கேஜை எவ்வளவு கெடுக்கும்? 240-லிருந்து 30 வரை மொத்த வீச்சு 210 ஓம். எர்த் மூட்டில் 10 ஓம் கூடினால் வீச்சில் ஏறத்தாழ 5 விழுக்காடு. 21 கேலன் டேங்க்கில் அது 1 கேலன். மணிக்கு 8 கேலன் குடிக்கும் இயந்திரத்துக்கு ஏழரை நிமிடப் பறப்பு. இந்த அமெரிக்க அளவுமுறையில் தடை கூடினால் முள் காலிப் பக்கம் சாயும். எர்த் முழுக்க அறுந்தால் காலி என்றே காட்டும். தவறுதான், ஆனால் விமானியைச் சீக்கிரம் தரையிறக்கும் தவறு. ஐரோப்பிய விடிஓ யூனிட்டுகளில் கணக்கு தலைகீழ்: காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180. அங்கே எர்த் கெடக் கெடப் பெட்ரோல் கூடிக்கொண்டே போவதாகக் கேஜ் சொல்லும். எர்த் அறுந்தால் டேங்க் நிறைந்திருப்பதாகச் சொல்லும். ஐரோப்பிய யூனிட்டை மாட்டியிருப்பவர்கள் எர்த் விஷயத்தில் இரட்டிப்புக் கண்டிப்போடு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. அமெரிக்க யூனிட்டுக்கும் ஒரு பொய் உண்டு. சிக்னல் ஒயர் எங்காவது உரசித் தோல் போய் உடலைத் தொட்டால், டேங்க் நிறைந்ததாகக் காட்டும்.

இன்னொரு வகைக் கோளாறு பலரைக் குழப்பியிருக்கிறது. லேண்டிங் லைட்டைப் போட்டதும் முள் இறங்கும், அணைத்ததும் ஏறும். காரணம், விளக்கின் எர்த்தும் யூனிட்டின் எர்த்தும் ஒரே இறக்கை மூட்டு வழியாக வருவது. 100 வாட் விளக்கு 14 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். அந்த மூட்டில் 0.05 ஓம் தடை இருந்தால்கூட 0.35 வோல்ட் எழும். கேஜுக்கு வரும் சிக்னலே சில வோல்ட்டுகள்தான் என்னும்போது அது சிறிய தவறில்லை. வீட்டில் கட்டும் விமானங்களின் மின்னமைப்பைப் பற்றிப் பல்லாண்டுகள் எழுதிவரும் பாப் நக்கல்ஸ், கருவிகளின் எர்த் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும் என்று வலியுறுத்துவது இதற்காகத்தான். யூனிட்டின் எர்த் ஒயரை இறக்கை மூட்டில் விட்டுவிடாமல், சிக்னல் ஒயரோடு முறுக்கிக்கொண்டு, கேஜின் எர்த் சேரும் அதே புள்ளிவரை கொண்டுபோனால் விளக்கு போட்டாலும் ரேடியோ பேசினாலும் முள் அசையாது.

ஒயரை யூனிட்டில் எங்கே கட்டுவது? ஸ்க்ரூத் தலைக்கு அடியில் வளையத்தை மாட்டுவதுதான் வழக்கம். ஆனால் கசிவைத் தடுக்கும் ரப்பர் வாஷரும் அதே தலைக்கு அடியில் இருக்கிறது என்றால், வளையம் அதன் இருக்கையைக் கெடுக்கும். பழைய முரண் மீண்டும். குமிழ் நட்டு உள்ள துளையில் மாட்டினால் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே ஸ்க்ரூத் தலை எதையும் அடைக்க வேண்டியதில்லை. அது இல்லாவிட்டால், மாட்டும்முன்பே தகட்டின் ஓரத்தில் ஒரு சிறு நாக்கை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. படகு டேங்க்குகளுக்கென்று வரும் யூனிட்டுகளில் எர்த்துக்குத் தனி முனையே இருப்பதைப் பார்க்கலாம். எப்படிச் செய்தாலும் வரிசை முக்கியம். தகட்டில் வளையம் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, வெள்ளீயம் பூசிய வளையத்தை வைத்து, பல்வாஷர் போட்டு இறுக்கி, மல்டிமீட்டரில் பார்த்து, அதற்குப் பிறகுதான் மேலே சீலன்ட் பூச வேண்டும். உலோகம் உலோகத்தைத் தொட்டபின் வரும் சீலன்ட் அந்தத் தொடர்பைக் காற்றிலிருந்து காக்கும். முன்னால் பூசினால் அதையே மறிக்கும்.

மல்டிமீட்டரைப் பற்றி ஒரு சொல். எஃப்ஏஏயின் பழுதுபார்ப்பு வழிகாட்டி விமானத்தின் உலோகப் பிணைப்புக்கு 0.003 ஓமுக்கு மேல் கூடாது என்கிறது. சாதாரண மல்டிமீட்டரின் ஒயர்களிலேயே அதைவிடப் பல மடங்கு தடை இருக்கும், ஆகவே அதை வைத்து அந்த அளவைச் சரிபார்க்க முடியாது. கேஜுக்கு அவ்வளவு நுட்பம் தேவையும் இல்லை. தகட்டுக்கும் கேஜின் எர்த் புள்ளிக்கும் நடுவில் ஒரு ஓமுக்குள் இருந்தால், மேலே போட்ட கணக்கின்படி தவறு அரை விழுக்காட்டுக்குள்தான். யூனிட்டையே சந்தேகப்பட்டால், வெளியே எடுத்து, மின்முனைக்கும் தகட்டுக்கும் மீட்டரை வைத்துக் கையை மெல்ல ஏற்றி இறக்க வேண்டும். எண் தாவாமல் நகர்ந்தால் யூனிட் நல்லது. இடையில் துள்ளினால் உள்ளே கீலோ உரசும் முனையோ தேய்ந்திருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து எத்தனை எர்த் ஒயர் கொடுத்தும் பயனில்லை.

பெட்ரோல் ஆவிக்குள் மின்சாரம் ஓடுவதே ஆபத்தில்லையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட டிடபிள்யூஏ 800 போயிங் 747 விமானத்தின் நடு டேங்க் வெடித்து 230 பேர் இறந்தார்கள். டேங்க்குக்கு வெளியே நடந்த ஒரு ஷார்ட் சர்க்யூட், எரிபொருள் அளவுமானியின் ஒயர்கள் வழியாக அதிக மின்னழுத்தத்தை உள்ளே அனுப்பியிருக்க வேண்டும் என்பதே அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி கண்ட மிக வாய்ப்புள்ள விளக்கம். அதன்பின் 2001-ல் வந்த விதிகள் பெரிய விமானங்களின் டேங்க் ஒயரிங் சிந்தனையையே மாற்றின. டேங்க்குக்குள் நுழையும் தீப்பொறி ஆற்றலுக்கு 200 மைக்ரோஜூல் என்று உச்சவரம்பு வைத்துப் பேசத் தொடங்கினார்கள். நம் சிறு விமானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது, ஆனால் பௌதிகம் கட்டுப்படுத்தும். சரியான கேஜோடு இணைந்திருக்கும்வரை யூனிட்டில் ஓடும் மின்சாரம் சொற்பம். லேண்டிங் லைட்டின் ஒயரும் யூனிட்டின் ஒயரும் ஒரே கட்டில் உரசி ஒன்றையொன்று தொட்டால் கதை வேறு. நிறைந்த டேங்க்கின் 30 ஓம் சுருளில் 14 வோல்ட் நேரே பாய்ந்தால் அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு, ஆறரை வாட் சூடு, தலைமுடி போன்ற கம்பியில். ஆகவே யூனிட்டின் ஒயரைத் தனியாக ஓடவிட வேண்டும். தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும். விட்டு விட்டுத் தொடும் எர்த், பெட்ரோல் ஊறும் அதே விளிம்பில் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், கசிவையும் எர்த்தையும் இரண்டு தனி நாள் வேலையாகத் தள்ளிப்போட மனம் வராது.

ஃபைபர்கிளாஸ் விமானங்களில் பாடி எர்த் என்பதே கிடையாது. லாங்-ஈஸி, கிளாசேர் போன்றவற்றில் யூனிட் மாட்டினால் எர்த் ஒயரையும் சேர்த்தே இழுக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும் வாயின் உலோக வளையத்தையும் ஒயரால் பிணைக்காவிட்டால், ஊற்றும்போது சேரும் நிலைமின்சாரம் இறங்க வழியிராது. லாங்-ஈஸியில் மின்யூனிட் இல்லாமல், டேங்க் சுவரில் கண்ணால் பார்க்கும் ஒளிபுகும் பகுதியை வைக்கும் வழக்கம் உண்டு. கசிவும் இல்லை, எர்த்தும் இல்லை, எளிமையின் உச்சம். ஆனால் 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் பசிபிக் க்ரோவ் கடலோரத்தில் லாங்-ஈஸியில் விழுந்து இறந்த விபத்தை விசாரித்தபோது, விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் எட்டாமல் வைக்கப்பட்டிருந்த டேங்க் மாற்றும் பிடியோடு, குறியீடு இடப்படாத இந்தப் பார்வை அளவுமானிகளையும் என்டிஎஸ்பி காரணக் கூறுகளில் சேர்த்தது. விமானி இருக்கும் இடத்திலிருந்து படித்துப் புரிந்துகொள்ள முடியாத அளவுமானி, இல்லாததற்குச் சமம்.

“கேஜை நம்பாதே, குச்சி விட்டு அள, கடிகாரத்தைப் பார்” என்பது சிறு விமானக்காரர்களின் பழைய பாடம். நல்ல பாடம்தான். ஆனால் அதைக் காட்டிக் கேஜைக் கெட்டபடியே விட்டுவிடுவது சரியில்லை. குச்சி தரையில்தான் பேசும். கடிகாரமும் எரிபொருள் ஓட்டமானியும் இயந்திரம் குடித்ததை மட்டுமே கணக்கிடும், டேங்க்கிலிருந்து வெளியே ஒழுகியதை அவை அறியா. பறக்கும்போது டேங்க் கசிந்தால் அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி ஃப்ளோட் யூனிட்.

ஃப்ளோட்டையே தவிர்க்க முடியாதா என்று தேடுபவர்களுக்கு மின்தேக்கி வகை உணரிகள் உண்டு. பெட்ரோலின் மின்காப்பு மாறிலி காற்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மட்டம் ஏற ஏற மின்தேக்குதிறன் ஏறும். நகரும் உறுப்பு கிடையாது. ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலில் கணக்கு மாறிவிடும், தண்ணீர் இறங்கினால் குழம்பிவிடும், டேங்க் சுவரைத் துளைத்து வரும் இணைப்பி ஒன்று கசியக் காத்திருக்கும். சீஸ் நிறுவனம் செய்யும் யூனிட்டுகளில் மிதவையில் காந்தமும் வெளியே காந்த உணரியும் இருப்பதால் பெட்ரோலுக்குள் மின்சாரமே போவதில்லை. சிர்ரஸ் விமானங்களில் அவை வந்திருக்கின்றன. விலையைத் தாங்க முடிந்தவர்களுக்கு அது நேர்த்தியான தீர்வு. அதற்கும் தகடு உண்டு, ஸ்க்ரூ உண்டு. கசிவுப் பாடம் மாறவில்லை, எர்த் பாடம் மட்டும் இலேசாகிறது.

வேலையில் இறங்குபவர்களுக்கு. விமானத்தை வெளியே, காற்றோட்டத்தில் நிறுத்துங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். டேங்க்கையும் பெட்ரோல் வடியும் பாத்திரத்தையும் ஒயரால் பிணைத்தபின் வடியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து தூரத்திலிருக்கும் ஹீட்டரைத் தேடிப் போகும். பேட்டரி ட்ரில் பக்கத்தில் வரக் கூடாது, அதன் மோட்டாருக்குள்ளேயே பொறி உண்டு. இறுகிய ப்ரோசீலை இளக்க ஹீட் கன் எடுப்பது அறவே கூடாது. மெல்லிய புட்டிக் கத்தியை விளிம்பில் நுழைத்து, சுற்றிச் சுற்றி வந்து, பிளாஸ்டிக் ஆப்பு வைத்து விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் மூடி வளையும். 100 எல்எல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் இருக்கிறது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மூடி திறந்திருக்கும்போது உறிஞ்சு குழாயின் நட்டையும் பாருங்கள். அது தளர்ந்துவிடாமல் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி 2006-லேயே வான்ஸ் நிறுவனம் அறிவிப்பு கொடுத்திருக்கிறது. சுரண்டிய சீலன்ட் துணுக்கு ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது.

மாட்டியபின் அளவு பதிக்காமல் வேலை முடியாது. இறக்கை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் உடல் பக்கத்து மிதவை டேங்க் நிறையும் முன்பே கூரையைத் தொட்டுவிடும். மேல் சில கேலன்களுக்கு முள் ‘நிறைவு’ என்றே நிற்பது பழுதில்லை. விமானத்தைப் பறக்கும் சமநிலையில் முட்டுக்கொடுத்து, பயன்படுத்த முடியாத அடிப்பகுதி அளவை ஊற்றி அதைப் பூஜ்யமாக வைத்து, அங்கிருந்து இரண்டிரண்டு கேலனாக ஏற்றி ஒவ்வொன்றையும் பதிய வேண்டும். வால்சக்கர விமானம் என்றால் வால் தரையில் இருக்கும் நிலைக்கும் தனி அட்டவணை வேண்டும். இரண்டும் வெகுவாக வேறுபடும். ஊற்றும்போதே லேண்டிங் லைட், ஸ்ட்ரோப், ரேடியோ ஒவ்வொன்றையும் போட்டு முள் அசைகிறதா என்று பார்த்துவிடலாம். டேங்க் நிறைந்த நிலையில் யூனிட்டைத் துடைத்து, 30 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். முதல் பறப்புக்குப் பிறகு ஒருமுறை, வெயிலில் நாள் முழுக்க நின்றபிறகு ஒருமுறை இறக்கை மூட்டின் மூடியைத் திறந்து, நீலம் எதுவும் இல்லை என்று கண்டபின் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடலாம்.